புல்தரைக் குளவிக் கூட்டுக்கு டெல்டா டஸ்ட்: வாங்கலாமா?

மண்ணுக்குள் கூடு கட்டியிருக்கும் யெல்லோ ஜாக்கெட் குளவிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தால் டெல்டா டஸ்ட் என்ற பூச்சிமருந்துத் தூளை வாங்கலாம். வீட்டுச் சுவருக்குள் கூடு கட்டியிருந்தால் வாங்காதீர்கள், பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்கள் ஒரு காபி போட்டுக்கொண்டு வாருங்கள், இந்தக் குளவி விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், கேரி என்ற ஊரில். வீட்டின் பக்கவாட்டில் ஏசியின் வெளிப்பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே புல் சரியாகப் பிடிக்காத ஒரு செம்மண் திட்டு. எலியோ வேறு எதுவோ தோண்டிவிட்டுப் போன பழைய வளை ஒன்று அங்கே இருந்தது. கோடை முழுக்க யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பார்த்தால் ரூபாய் நாணயம் அளவு வாயிலிருந்து ஒன்று கிளம்ப ஒன்று இறங்க, இடைவிடாத போக்குவரத்து. புல் வெட்ட வருபவர் இயந்திரத்தை அந்தப் பக்கம் தள்ளியதும் கணுக்காலில் நாலைந்து இடத்தில் வாங்கிக்கொண்டு ஓடினார். அந்த மூலைக்கு இனி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. இந்தக் குளவிக்கு இயந்திரத்தின் அதிர்வே போதும், சண்டைக்கு வந்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தார். மன்னார்குடிப் பக்கத்தில் அறுபது வருஷம் விவசாயம் பார்த்தவர்.

"இது கதண்டு இல்லம்மா. கதண்டுன்னா விரல் தண்டி இருக்கும், பனைமரத்துல கட்டும். இது பொடிசு."

"பொடிசுதான் மாமா. ஆனா உள்ள ஆயிரக்கணக்குல இருக்குமாம்."

உண்மையும் அதுதான். வசந்தத்தில் ஒரே ஒரு ராணி தனியாக ஆரம்பிக்கிற குடும்பம் இது. மரத்தைச் சுரண்டி, எச்சிலோடு மென்று, காகிதம் போல ஆக்கி மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கட்டும். செப்டம்பர் வாக்கில் வேலைக்காரக் குளவிகள் ஆயிரம், இரண்டாயிரம் என்று பெருகிவிடும். சில கூடுகளில் இன்னும் அதிகம். எங்கள் பக்கம் இரண்டு வகை சாதாரணம். ஒன்று கிழக்கத்தி யெல்லோ ஜாக்கெட், இன்னொன்று தெற்கத்தி. தெற்கத்தி ராணி சில சமயம் கிழக்கத்தியின் கூட்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் ராணியைத் தீர்த்துவிட்டு, அவளுடைய பிள்ளைகளையே வேலை வாங்கிக்கொள்ளும். கட்டின வீட்டில் குடியேறுகிற இந்தச் சாமர்த்தியத்தைக் கேட்டதும் மாமனாருக்குக் குளவி மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப்போகும். இதற்கு அந்தக் கஷ்டம் இல்லை. கொடுக்கில் இருக்கும் முள் மிகச் சிறியது, பெரும்பாலும் மாட்டிக்கொள்ளாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டும்போதே ஒரு வாசனையை விட்டு மற்றவர்களையும் கூப்பிடும். கொட்டு வலிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போட்ட ஜஸ்டின் ஷ்மிட் என்ற பூச்சியியலாளர் இதற்கு இரண்டு கொடுத்தார், தேனீக்கும் அதே இரண்டுதான். ஒரு கொட்டுக்கு அது சரி. ஒரே நேரத்தில் இருபது கொட்டுக்கு என்ன மதிப்பெண் என்று அவர் பட்டியலில் இல்லை.

காலண்டர் வேறு எங்களுக்குச் சாதகமாக இல்லை. புரட்டாசியில் கொலு. வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், பிள்ளைகள் ஜூஸ் டப்பாவோடு பின்பக்கம் ஓடுவார்கள். இந்தக் குளவியின் குணம் கெட்டுப்போவதும் அதே மாதத்தில்தான். கோடையில் புழுக்களுக்கு ஊட்டப் பூச்சியும் இறைச்சியும் தேடும், நம் பக்கம் அதிகம் வராது. பெரிய குளவிக்குத் தேவையான இனிப்பை அந்தப் புழுக்களே திருப்பிக் கக்கிக் கொடுத்துவிடும். கோடை முடிகிறபோது கூட்டில் புழு குறைந்துவிடும், இனிப்பு வரவு நின்றுவிடும். அப்புறம் நம் பாயசத்துக்கும் கோக் டப்பாவுக்கும் வந்து நிற்கும். திறந்து வைத்த டப்பாவுக்குள் இறங்கியது தெரியாமல் குடித்துத் தொண்டையில் கொட்டு வாங்குவது இங்கே நிஜமாகவே நடக்கிறது. வெளியே குடிப்பதாக இருந்தால் கண்ணாடி டம்ளர், இல்லையென்றால் மூடி போட்ட பாட்டில். இது எங்கள் வீட்டுச் சட்டம்.

டெல்டா டஸ்டுக்கு முன்னால் வாங்கியவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மஞ்சள் பிளாஸ்டிக் பொறி. உள்ளே வாசனை மருந்தை ஊற்றி மரத்தில் மாட்ட வேண்டும். பெயர் சொல்லப் போவதில்லை, எல்லாக் கடையிலும் தொங்குவதுதான். எங்கள் பொறியில் ஈ விழுந்தது, ஒரு பட்டாம்பூச்சி விழுந்தது, குளவி பேருக்கு ஒன்றிரண்டு. ஏன் என்று தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. இந்த மாதிரிப் பொறிகள் பலவற்றில் இருக்கும் ஹெப்டைல் பியூட்டிரேட் என்ற வாசனை, மேற்குக் கடற்கரையில் இருக்கும் யெல்லோ ஜாக்கெட்டுக்கு உயிர். கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனார் அதே பொறியை ஆஹா ஓஹோ என்று புகழ்வாள், நிரம்பி வழிகிறதாம். எங்கள் கிழக்கத்தி வகை அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அசிட்டிக் அமிலத்தோடு ஐசோபியூட்டனால் கலந்த வாசனைதான் இதற்குப் பிடிக்கும். டப்பாவில் எந்த வாசனை என்று பார்த்து வாங்குங்கள். அப்படியே வாங்கினாலும் பொறி கூட்டை ஒன்றும் செய்யாது. சாப்பாட்டு மேசைப் பக்கம் கூட்டத்தைக் கொஞ்சம் திருப்பிவிடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்ப்ரே. இருபதடி தூரத்துக்கு மேல் பீய்ச்சியடிக்கும் டப்பாக்கள். ஓட்டு விளிம்பின் கீழே சின்னக் குடை மாதிரி தொங்குமே, அந்தக் காகிதக் குளவிக் கூட்டுக்கு இது அருமையான சாமான். பட்ட இடத்தில் விழுந்துவிடும், நாமும் தூரத்தில் நிற்கலாம். மண் வளைக்கு இது சரிப்படாது. வளை நேராகப் போகாது, வளைந்து போகும். வாயில் நிற்கும் காவல்காரர்கள் சாவார்கள், உள்ளே ராணிக்கு ஈரம்கூடப் படாது. மிச்சம் இருப்பவை மறுநாள் கோபத்தோடு வேலைக்குப் போகும்.

கட்டித் தொங்கவிடும் சாம்பல் நிறப் போலிக் கூடு ஒன்றும் விற்கிறார்கள். "வேறு குளவிக் கூட்டம் இருக்கிறது" என்று நினைத்து வராமல் போய்விடுமாம். அதில் பணத்தைப் போடாதீர்கள். மண்ணுக்குள் ஏற்கெனவே குடும்பம் நடத்துகிறவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இவ்வளவுக்கும் மாமனார் தன் வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஊரில் கதண்டு கட்டினால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுவார்கள். ராத்திரி வந்து தீப்பந்தத்தால் கொளுத்திவிட்டுப் போவார்கள்.

"ஒரு லிட்டர் பெட்ரோலை ஊத்திக் கொளுத்திட்டா முடிஞ்சுதும்மா."

"வேணாம் மாமா. இந்த வீட்டுச் சுவரே பிளாஸ்டிக். கூடு எரியுதோ இல்லையோ, வீடு எரிஞ்சிடும்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே நிறைய வீடுகளின் வெளிச்சுவரில் போர்த்தியிருப்பது வினைல் பலகை, சூட்டுக்கு உருகிவிடும். மண்ணில் பெட்ரோல் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம், நிலத்தடி நீரும் கெடும். தீயணைப்பு வண்டியும் இதற்கு வராது.

"சரி, செவின் தூளாவது கிடைக்குமா?" என்றார். கத்தரிக்காய்த் தோட்டத்துக்குப் போட்ட பழக்கம். செவின் என்ற பெயரில் இங்கே இன்னும் தூள் விற்கிறது, ஆனால் உள்ளே இருப்பது பழைய கார்பரில் இல்லை, வேறு மருந்து. அந்தப் பழைய செவினைத் தயாரித்ததுதான் போபால் ஆலை. 1984 டிசம்பரில் கசிந்த வாயு அதற்கான மூலப்பொருள். இந்தியாவில் கார்பரிலை 2018-ல் தடை செய்துவிட்டார்கள். இதைச் சொன்னதும் மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதையா நாங்க வெறுங்கையால தூவுனோம்" என்று மட்டும் கேட்டார்.

தூள் என்ற யோசனை மட்டும் சரியானது. அதிலிருந்துதான் டெல்டா டஸ்டுக்கு வந்தேன்.

ஒரு பவுண்டு பாட்டில். உள்ளே இருக்கும் மருந்து டெல்டாமெத்ரின், அளவு 0.05 சதவீதம். கொசுவலைகளுக்கு ஏற்றுகிறார்களே, அதே மருந்து. பெரிய கடைகளின் அலமாரியில் நான் பார்த்ததில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். 20 டாலருக்குள் முடிந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை விதி மாறும் என்பதால் உங்கள் ஊருக்கு அனுப்புவார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற தூள்களிலிருந்து இதைத் தனியாக நிறுத்துவது ஒரு குணம்: ஈரத்தில் கெட்டியாகிப் போகாது. எங்கள் செம்மண் மழை பெய்தால் சேறு. சாதாரணத் தூள் அதில் கட்டிதட்டிப் பயனில்லாமல் போய்விடும்.

ஸ்ப்ரே தோற்ற இடத்தில் தூள் ஜெயிப்பதற்குக் காரணம் எளிது. தூள் வாயிலிலேயே நின்றாலும் பரவாயில்லை. உள்ளே போகிற வருகிற ஒவ்வொரு குளவியும் காலிலும் வயிற்று ரோமத்திலும் அதைப் பூசிக்கொண்டு கூட்டின் அடி வரைக்கும் எடுத்துப் போகும். நாம் போக முடியாத இடத்துக்கு அதுவே மருந்தைச் சுமந்து போகிறது. அதனால்தான் தூள் போட்ட கையோடு வளையை மண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்துவிட்டால் போக்குவரத்து நின்றுவிடும், பக்கத்தில் வேறு வழி தோண்டிக்கொண்டும் வரும்.

எப்படிப் போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இந்தப் பொருளின் நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பகலிலேயே போய், தூர நின்று, வளையின் வாய் எங்கே என்று குறித்துக்கொண்டேன். சாயங்காலம் இருட்டத் தொடங்கி, எல்லாம் வீடு திரும்பி அடங்கிய பிறகுதான் வேலை. ஜீன்ஸ், அதன் அடியைச் சாக்ஸுக்குள் விட்டு, மேலே முழுக்கை, தலையில் ஹூடி, கையுறை, கண்ணாடி, முகக்கவசம். தலையில் மாட்டும் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினேன். பூச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, வெள்ளை வெளிச்சம் அடித்தால் நேராக முகத்துக்கு வரும். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த என் பெண் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அது தனிக் கதை.

தூளை அடிக்க டஸ்டர் என்று ஒன்று வேண்டும். ரப்பர் பந்தின் முனையில் நீளக் குழாய், அழுத்தினால் புகை போலத் தூள் வரும். இது பாட்டிலோடு வருவதில்லை! தனியாக வாங்க வேண்டும். இதுதான் என் முதல் குறை. இது இல்லாமல் வெறும் பாட்டிலைப் பிழிந்தால் தூள் கட்டியாகக் கொட்டும். கட்டியாகக் கிடந்தால் குளவி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும், மெல்லிய படலமாக இருந்தால்தான் அதன் மேல் நடக்கும். டஸ்டரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், உள்ளே காற்றுக்கு இடம் வேண்டும். ஒரு தடவை நன்றாகக் குலுக்கி, குழாய் முனையை வளை வாயில் வைத்து, உள்பக்கமாக நாலைந்து முறை அழுத்தினேன். வாயைச் சுற்றியும் லேசாகத் தூவினேன். உள்ளேயிருந்து மாவு மில் மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பியது. அதைக் கேட்டதும் ஓடாமல், அதிராமல், நடந்து வந்துவிட வேண்டும். மாமனார் சமையலறைச் சன்னலில் நின்று "வாம்மா, வாம்மா" என்று கை காட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் வாயைச் சுற்றிச் செத்தவை கிடந்தன. ஒன்றிரண்டு தள்ளாடிப் பறந்தன. வெளியே தங்கிவிட்டு வந்தவைபோல. அதற்கு மறுநாள் போக்குவரத்தே இல்லை. கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தும் நடமாட்டம் இல்லை என்று உறுதியான பிறகு மண்ணைப் போட்டு மூடினோம். பெரிய கூடாக இருந்தால் இன்னொரு முறை தூவ வேண்டியிருக்கலாம், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது மற்ற குறைகள். லேபிள் எழுத்து கண்ணுக்கே தெரியாது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். ஆனால் படித்தே ஆக வேண்டும், இங்கே லேபிளில் எழுதியிருப்பதற்கு மாறாகப் பூச்சிமருந்தைப் பயன்படுத்துவது சட்டமீறல். காற்று அடிக்கிற நாளில் தூள் நம் முகத்துக்கே வரும், காத்திருந்து செய்யுங்கள். இந்த வகை மருந்து மீனுக்கும் பூனைக்கும் ஆகாது, தேனீக்கும் விஷம். குளம், ஓடை பக்கத்தில் இருந்தாலோ, பூனை வெளியே திரிகிற வீடாக இருந்தாலோ யோசியுங்கள். பூச்செடி மேல் தூவ வேண்டாம். வளைக்குள் மட்டும்.

சுவர்க் கூட்டுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், மோரிஸ்வில்லில் இருக்கும் என் தோழி வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பலகை இடுக்கில் குளவி போய் வந்துகொண்டிருந்தது. வேறு வேலைக்கு வந்த ஒருவர் "இதோ அடைச்சிடறேன்" என்று ஓட்டையைக் கால்க் என்ற இடுக்கடைக்கும் பசை வைத்துப் பூசிவிட்டார். வெளி வழி இல்லாத குளவிகள் உள்பக்கமாகச் சுவர்ப் பலகையைக் கடித்துத் துளைத்துக்கொண்டு விருந்தினர் அறைக்குள் வந்துவிட்டன. கடைசியில் பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டார்கள். அவர் கொண்டுவந்ததும் இதே மாதிரித் தூள்தான், ஆனால் நீளக் குழாயும், உடம்பு மூடும் உடையும், எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்ற அனுபவமும் அவரிடம் இருந்தன. 200 டாலருக்கு மேல் ஆனது. சுவர் என்றால் அந்தப் பணம் தகும். ஒரு எச்சரிக்கை: வருகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஒப்பந்தத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இந்த ஒரு வேலை மட்டும் போதும் என்று போனிலேயே சொல்லி விலை கேளுங்கள்.

வீட்டில் யாருக்காவது குளவிக்கடி ஒவ்வாமை இருந்தால் கூடு மண்ணில் இருந்தாலும் நீங்களே இறங்காதீர்கள். முன்பு கொட்டியபோது மூச்சு இரைத்திருந்தாலோ, உடம்பு முழுக்கத் தடித்திருந்தாலோ டாக்டரைப் பாருங்கள், எபிபென் என்ற ஒவ்வாமை அவசர ஊசி கைவசம் இருக்கட்டும். கொட்டியபின் நாக்கு, தொண்டை வீங்கினால் ஊசியைப் போட்டுவிட்டு உடனே 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். இதற்கு விஷத்தையே சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றிப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதற்கான குளவி விஷத்தைத் தயாரிக்கும் ஸ்போகேன் நகரத்து ஹாலிஸ்டர்-ஸ்டையர் நிறுவனத்தை 2007-ல் வாங்கியது நம் நாட்டு நிறுவனமான ஜூபிலன்ட். அந்த மருந்துக்காக உயிரோடு குளவி பிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் மேற்குப் பக்கம் இருக்கிறார்கள். சிலர் இலவசமாகவே வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போவார்கள். வாஷிங்டன், ஓரிகன் பக்கம் இருப்பவர்கள் மருந்து வாங்குவதற்கு முன் அதை விசாரித்துப் பாருங்கள்.

எல்லாக் கூட்டையும் அழிக்க வேண்டியதும் இல்லை. எங்கள் வேலிக்கு வெளியே, மரக்கூட்டத்துக்குள் இன்னொரு வளை இருக்கிறது. அதை நாங்கள் தொடவில்லை. தோட்டத்துக் கம்பளிப்புழுவை எல்லாம் வேட்டையாடுவதும் இவைதான். நவம்பரில் நல்ல பனி விழுந்தால் கூடு முழுவதும் தானாகச் செத்துவிடும், புது ராணிகள் மட்டும் எங்காவது பட்டைக்கு அடியில் ஒளிந்து தப்பும். அதே கூட்டுக்கு அடுத்த வருஷம் திரும்புவதில்லை. இன்னும் தெற்கே போனால் இந்தக் கணக்கு சில சமயம் தப்பும். அலபாமாவில் 2006-ல் குளிர் போதாமல் சாகாத கூடு ஒன்று பழைய கார் ஒன்றின் உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் பனி வழக்கமாக வேலையை முடித்துவிடும். ஆக, அக்டோபர் கடைசியில் கூட்டைக் கண்டுபிடித்தால், ஆள் நடமாடாத இடமாகவும் இருந்தால், 20 டாலரை மிச்சம் பண்ணுங்கள்.

ஐந்துக்கு நாலரை. அரை நட்சத்திரத்தை டஸ்டர் தராததற்கும் லேபிளுக்கும் பிடித்துக்கொண்டேன். பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, கராஜில் எட்டாத உயரத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது அதில் கொஞ்சம் கட்டிக் கொடுக்கச் சொல்லி மாமனார் கேட்டுக்கொண்டிருக்கிறார், பம்பு செட் பக்கத்துப் பனையில் கதண்டு கட்டியிருக்கிறதாம். விமானத்தில் பூச்சிமருந்து விட மாட்டார்கள் என்று சொல்லியாகிவிட்டது. டஸ்டரையாவது தரச் சொல்கிறார்.